பழைய சட்டசபை விவாதத் தொகுதிகளைக் காப்பதும் ஆய்வுக்குத் திறப்பதும்: சென்னை மாகாணக் குறிப்புகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தேவதாசி முறைக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் 1927 நவம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார். அதைத் தேடும் மாணவர் தேடுபெட்டியில் 'ரெட்டி' என்பதை இன்றைய வழக்கப்படி ஆங்கிலத்தில் ஒய் எழுத்தில் முடித்துத் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். பழைய அச்சில் அது ஐ எழுத்தில் முடியும். 'தேவதாசி' என்ற சொல்லும் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கத்திலும் கோடு இல்லாமல் இன்னொரு பக்கத்திலும் இருக்கும். அந்த விவாதம் அச்சான தொகுதி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, ஸ்கேனும் ஆகியிருக்கிறது. ஆனாலும் தேடியவருக்கு அது இல்லாததுதான்.

சட்டமன்ற ஆவணத்தைக் காப்பது என்றால் இரண்டு வேலை: தாள் உதிராமல் பார்த்துக்கொள்வது, சரியான பக்கத்துக்கு ஆய்வாளரைக் கொண்டு சேர்ப்பது. இரண்டாவதை மனதில் வைக்காமல் முதலாவதைத் தொடங்கினால், பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். பழைய சென்னை மாகாணத் தொகுதிகள் சிலவோ பலவோ கைவசம் உள்ள நூலகம், கல்லூரித் துறை, அறக்கட்டளை, தனியார் சேகரிப்பு ஆகியவற்றுக்காக இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஒடிசாவின் கஞ்சம், கர்நாடகத்தின் பெல்லாரி, கேரளத்தின் மலபார், ஆந்திரம் முழுவதையும் பற்றிய விவாதங்கள் இந்தத் தொகுதிகளில் கிடக்கின்றன. உங்கள் அலமாரிக்காகக் காத்திருப்பவர்கள் நான்கு மாநிலங்களுக்கு அப்பாலும் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு நாட்காட்டி போடுங்கள்

தூரிகையையோ ஸ்கேனரையோ தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. சட்ட அவை எப்போது இருந்தது, எப்போது இல்லை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாதிக் குழப்பம் அப்போதே தீரும்.

1861 இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்படி வந்த ஆலோசனை சபையில் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. 1892 சட்டத்துக்குப் பிறகே கேள்விகளும் வரவுசெலவு விவாதமும் வந்தன. ஆகவே 1880-களின் தொகுதியில் வினா-விடைப் பகுதி இல்லையென்றால் பக்கம் கிழிந்துபோனதாக எழுதிவிடாதீர்கள். 1919 இந்திய அரசுச் சட்டப்படித் தேர்தல் நடந்து, 1921 ஜனவரியில் புதிய சபை கூடியது. 1937-ல் பேரவை, மேலவை என்று இரண்டு அவைகள் வந்தன. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியதும் ஆளுநர் ஆட்சி வந்து 1946 வரை நீடித்தது. அந்த ஆறரை ஆண்டுக்கான பேரவை விவாதத் தொகுதிகள் தொலைந்துபோனவை அல்ல. பேரவை கூடவில்லை, அதனால் தொகுதிகளும் இல்லை. 1976 ஜனவரி இறுதியிலிருந்து 1977 தேர்தல் வரையிலும், 1988-ன் பெரும்பகுதியிலும் இதே நிலைதான். மேலவை 1986 நவம்பர் 1-ல் ஒழிக்கப்பட்டது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் 'லெஜிஸ்லேடிவ் கவுன்சில்' என்று முதுகில் அச்சிட்ட தொகுதி 1937-க்கு முந்தையதென்றால், அது அன்று இருந்த ஒரே சபையின் பதிவு. 1937-க்குப் பிந்தையதென்றால் அது மேலவை. இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்து 'மேலவை' என்று சீட்டு ஒட்டிவிட்டால், 1920-களில் முதலமைச்சராயிருந்த பனகல் அரசர் காலத்து விவாதத்தைத் தேடி வருபவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். தொகுதி எண்ணை நம்பி அடுக்குவதும் ஆபத்து. புதிய அவை அமைந்தபோது எண் மறுபடி 1-லிருந்து தொடங்கியது, இரண்டு அவைகளுக்கும் தனித்தனி எண் உண்டு. அவையின் பெயர், ஆண்டு, தொகுதி எண் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு புத்தகத்தின் அடையாளம் முழுமையாகும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நிலைச் சீட்டு

ஒரு தொகுதிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேசையில் பஞ்சுத் தலையணை இரண்டைப் போட்டு அதன்மேல் தொகுதியைத் திறக்க வேண்டும். 180 பாகை விரியுமாறு மேசையில் அழுத்தினால் அதிலேயே முதுகு பிளந்துவிடும்.

சீட்டில் எழுத வேண்டியவை: முகப்பிலுள்ள ரோமன் எண் பக்கங்கள் எத்தனை, நடுப்பகுதி எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது, இடையில் விடுபட்ட பக்க எண்கள், ஒரே எண் இருமுறை அச்சான இடங்கள், மடித்துச் செருகிய அட்டவணைகள், பின்னிணைப்பு, இறுதியிலுள்ள அகரவரிசை அட்டவணை. பூச்சித் துளை, நீர்க்கறை, செல்லோ டேப், உதிர்ந்த மூலைகள் ஆகியவற்றையும் பக்க எண்ணோடு குறியுங்கள்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நாள்தோறும் தனித்தனி இதழாக அச்சிட்டுப் பிறகு சேர்த்துத் தைத்த தொகுதிகள் இவை. ஒரு நாளின் இதழ் தைக்கும்போதே விடுபட்டிருக்கலாம். அப்படி விடுபட்டால் ஒன்றிரண்டல்ல, தொடர்ச்சியாக ஐம்பது அறுபது பக்க எண்கள் குதிக்கும். அந்தக் குதிப்பைச் சீட்டில் 'பக்கம் கிழிந்தது' என்று எழுதாமல் 'இதழ் இல்லை' என்று எழுதுங்கள். வேறு நூலகத்தில் தேடும்போது என்ன கேட்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். கோட்டையிலுள்ள சட்டமன்ற நூலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா ஆகியவற்றோடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் சேகரிப்பிலும் மாகாண சபை நடவடிக்கைகள் உண்டு. உங்கள் ஓட்டையை இன்னொருவர் பிரதி அடைக்கும். நிலைச் சீட்டு இல்லாமல் அந்த ஓட்டை உங்கள் கண்ணில் படாது.

தாள் ஏன் உதிர்கிறது

1860-களின் தொகுதியை எடுத்துப் பார்த்தால் தாள் இன்னும் துணி மாதிரி வளையும். 1920-களின் தொகுதி பழுப்பேறி, மூலையைத் தொட்டாலே பிஸ்கட் போல் நொறுங்கும். பழையது நன்றாக இருக்க, புதியது கெட்டுப்போனதற்குக் காரணம் மூலப்பொருள். முன்னது கந்தைத் துணியில் செய்த தாள். பின்னது மரக்கூழில் செய்து, மை ஊறாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்த தாள். ஈரம் பட்டால் படிகாரம் அமிலத்தை விடும், அந்த அமிலம் நார்களின் நீண்ட சங்கிலியைத் துண்டுதுண்டாக அறுக்கும். மரக்கூழில் மிஞ்சிய லிக்னின் ஒளியில் மஞ்சளாகும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல். அமிலத்துக்கும் பூஞ்சைக்கும் இதைவிடத் தோதான இடம் வேண்டாம். போர்க்காலத் தட்டுப்பாட்டில் அச்சான 1940-களின் தாள் இன்னும் மோசம். ஆகவே வரிசையில் முதலில் ஸ்கேன் ஆக வேண்டியவை 1920 முதல் 1950 வரையிலானவை. மிகப் பழையதிலிருந்து தொடங்குவது இயல்பாகத் தோன்றும். அந்த ஆசையை அடக்குங்கள்.

தாள் எவ்வளவு நொய்ந்தது என்று பார்க்கப் பக்கத்தின் மூலையை மடித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே உதிர்ந்து மடிப்பில் கிடக்கும் துணுக்கை எடுத்து முன்னும் பின்னுமாக மடியுங்கள். நான்கு மடிப்புக்குள் ஒடிந்தால் அந்தத் தொகுதி வாசகர் மேசைக்குப் போகக் கூடாது. படம் மட்டும் போகட்டும்.

தூசு, பூச்சி, பூஞ்சை

மின்விசிறியை நிறுத்திவிட்டு, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஆட்டுமுடித் தூரிகையால் பக்கத்தின் உள்மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். மேலட்டையிலும் விளிம்பிலும் படிந்ததை, நுண்வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியில் முனைக்கு வலைத்துணி கட்டிக் குறைந்த விசையில் எடுக்கலாம். ஈரமான பூஞ்சையைத் துடைக்கவே கூடாது. அது தாளுக்குள் பூசிக்கொண்டுவிடும். முதலில் உலரவிட்டு, பொடியானபின் தூரிகை.

இராமபாணப் பூச்சியும் கரப்பானும் பசைக்காக வரும். புத்தக வண்டு தாளையே குடைந்து ஒரு பக்கத்திலிருந்து இருநூறு பக்கம்வரை நேர்கோட்டில் துளை போடும். கரையான் சுவர் வழியாக வரும். நாப்தலின் உருண்டை இவை எதையும் கொல்வதில்லை, அறையில் இருப்பவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். பழைய சேகரிப்புகளில் டிடிடி தூவிய வழக்கமும் உண்டு. மடிப்பில் வெள்ளைப் பொடி கண்டால் கையுறையில்லாமல் தொடாதீர்கள்.

மருந்தில்லாமல் செய்வது உறைய வைத்தல். தொகுதியைக் கனமான பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, டேப்பால் முழுக்க அடைத்து, கழித்தல் 20 பாகை செல்சியஸ் காட்டும் ஆழ்உறைப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்துமுத்தாகப் படியும். பூச்சிக்காகச் செய்த வேலை பூஞ்சையில் முடியும்.

அலமாரி இரும்பாக இருக்கட்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர், பின்பக்கம் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சிறிய தொகுதிகள் நிமிர்ந்து நிற்கலாம். கனத்த பெரிய தொகுதிகளைப் படுக்க வைத்து மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். அமிலமில்லா அட்டைப் பெட்டிக்குப் பணமில்லையென்றால் காடாத்துணி போதும். ஆனால் அதை இருமுறை வெந்நீரில் அலசிக் கஞ்சியை நீக்கிய பிறகே சுற்ற வேண்டும். கஞ்சி இராமபாணத்துக்கு விருந்து.

பழுது பார்த்தல்: குறைவாகச் செய்வதே நல்லது

வழக்கமான பைண்டிங் பசையில் மைதாவோடு மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி வராது என்பதற்காக. அது உண்மைதான். ஆனால் மயில்துத்தத்திலுள்ள செம்பு, தாளின் சிதைவைத் தூண்டிவிடும். பசை ஓடிய இடமெல்லாம் சில பத்தாண்டுகளில் பழுப்பேறி ஒடியும். சட்டசபைத் தொகுதிகளுக்கு இந்தப் பசை வேண்டாம்.

புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்து ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் ஐந்து பங்கு எடுத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் கைவிடாமல் 20 முதல் 30 நிமிடம் கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலாகி, கரண்டியிலிருந்து கனமாக வழியும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இருமுறை வடிகட்டித் தேவையான அளவு மட்டும் நீர் சேருங்கள். குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கிழிசலுக்கு சதுர மீட்டருக்கு 9 முதல் 12 கிராம் எடையுள்ள ஜப்பானியத் தாள். அதைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், நீர் தொட்ட தூரிகையால் கோடு போட்டு இரு கையாலும் இழுத்துப் பிரியுங்கள். விளிம்பில் மயிரிழை போல் நார்கள் நிற்கும். அந்த நார்கள்தான் பழைய தாளோடு பிணையும். வெட்டிய நேர்விளிம்பு பின்னாளில் அங்கேயே ஒடிக்கும். ஒட்டியபின் இருபுறமும் ஒட்டாத பாலியெஸ்டர் துணி, அதன்மேல் மையொற்றித் தாள், அதன்மேல் கனம். பத்து நிமிடத்தில் மையொற்றியை மாற்றுங்கள், பிறகு ஓரிரவு.

செல்லோ டேப் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அசிடேட் படலத்தை அசிட்டோனால் ஒட்டும் முறை இந்தியக் காப்பகங்களில் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. நொறுங்கிய ஆயிரக்கணக்கான தாள்களை அது அன்று காப்பாற்றியது. ஆனால் எளிதில் பிரிக்க முடியாதது, படலமே காலப்போக்கில் அமிலம் விடுவது. இனிப் புதிதாகச் செய்ய வேண்டாம், முன்பு செய்ததைப் பிரிக்கவும் முயல வேண்டாம். சுண்ணாம்பு நீரில் தோய்த்து அமிலம் நீக்குவதற்குத் தையலைப் பிரித்து, முத்திரை மை கரைகிறதா என்று சோதித்து, தாள்தாளாகச் செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற பாதுகாவலர் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள்.

வெள்ளம் புகுந்தால் 48 மணி நேரம்தான் கணக்கு. அதற்குப்பின் பூஞ்சை தொடங்கிவிடும். நனைந்த தொகுதியைத் திறக்காமல், சேற்றைத் தேய்க்காமல், பையில் போட்டு உறைய வையுங்கள். மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கோடு மழைக்காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள். அரைகுறையாக நனைந்தவற்றை நிற்க வைத்து விசிறிக் காற்றில் உலர்த்தலாம். வெயில் கூடாது, தாள் அலையலையாக நெளியும்.

படமெடுத்தல்

முதுகை வெட்டித் தாள் உருளும் ஸ்கேனரில் விட்டால் ஒரு தொகுதி ஒரு மணி நேரத்தில் முடியும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். நொறுங்கும் தாள் உருளையில் சிக்கினால் அந்தப் பக்கம் போயிற்று. சிக்காவிட்டாலும் தைத்த வரிசை போயிற்று. ஒப்பந்தத்தில் 'வெட்டக் கூடாது' என்று தனி வரியாக எழுதுங்கள். தட்டைக் கண்ணாடி ஸ்கேனரும் வேண்டாம், ஒவ்வொரு பக்கத்துக்கும் தொகுதியைக் கவிழ்த்து அழுத்த வேண்டியிருக்கும். வி வடிவத் தாங்கியில் 100 முதல் 120 பாகைக்குள் திறந்து வைத்து, மேலிருந்து இரண்டு கேமராக்களால் எடுப்பதே சரி.

அங்குலத்துக்கு 400 புள்ளி, 24 பிட் வண்ணம், சுருக்காத டிஃப் கோப்பு. தாள் கறுப்பு வெள்ளைதானே, வண்ணம் எதற்கு என்று கேட்பார்கள். பென்சில் குறிப்பு, சிவப்பு முத்திரை, நீர்க்கறை, எழுத்தை மறைக்கும் பழுப்பு எல்லாம் வண்ணத்தில்தான் பிரிந்து தெரியும். 16-க்கு 25 சென்டிமீட்டர் பக்கம் ஒன்று ஏறத்தாழ 30 மெகாபைட் வரும். 800 பக்கத் தொகுதி 24 ஜிகாபைட். நூறு தொகுதி 2.4 டெராபைட். இதை மூன்றால் பெருக்கி வட்டு வாங்குங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு ஊரில். சென்னையில் இரண்டு கட்டடங்களில் வைப்பது வேறு ஊர் ஆகாது. ஒரே புயல் இரண்டையும் தொடும்.

தொகுதியின் ஒவ்வொரு பக்கமும் எடுக்கப்பட வேண்டும். வெற்றுப் பக்கம், அட்டை, விளம்பரத் தாள், திருத்தச் சீட்டு எதையும் விடக் கூடாது. வெற்றுப் பக்கத்தை விட்டுவிட்டால், பின்னாளில் எண்ணிப் பார்ப்பவர் ஒரு பக்கம் குறைகிறதே என்று சந்தேகப்படுவார், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்காது. கோப்புப் பெயரில் அவை, ஆண்டு, தொகுதி, படவரிசை எண் ஆகியவை வரட்டும். அச்சுப் பக்க எண்ணைப் பெயரில் வைக்காமல் தனி அட்டவணையில் வையுங்கள். ரோமன் எண்ணும் இருமுறை அச்சான எண்ணும் குழப்பும்.

எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் எழுத்து-எண் வரிசை) எழுதி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பிரதி கெட்டுவிட்டது, இன்னொன்றிலிருந்து எடுக்க வேண்டும். ஐந்தாண்டு ஓடிய வன்வட்டை, வேலை செய்தாலும் மாற்றுங்கள்.

அட்டவணையை முதலில் தட்டச்சுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துணர்வு மென்பொருளை (பக்கப் படத்திலுள்ள அச்சைத் தேடக்கூடிய உரையாக மாற்றுவது) எல்லாப் பக்கத்திலும் ஓட்டுவதற்கு முன், ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலுள்ள அகரவரிசை அட்டவணையைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். சட்டமன்ற ஊழியர்கள் அன்றே உட்கார்ந்து, எந்த உறுப்பினர் எந்தப் பொருளில் எந்தப் பக்கத்தில் பேசினார் என்று பிரித்துத் தந்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு வாரத்தில் ஒரு தொகுதியின் அட்டவணையை முடித்துவிடலாம். அதை ஒரு விரிதாளில் உறுப்பினர், பொருள், வகை, பக்கம் என்று நான்கு பத்தியாக இட்டு, பக்கத்தைப் படத்தோடு இணைத்தால், எழுத்துணர்வு தொடங்குவதற்கு முன்பே ஆய்வாளருக்கு வழி திறந்துவிடும்.

பெயருக்கு ஓர் அடையாள எண் கொடுங்கள், எல்லா வடிவங்களையும் அதன்கீழ் சேருங்கள். இரட்டைமலை சீனிவாசன் பழைய பக்கங்களில் வெறும் ஆர். சீனிவாசன். காலத்துக்கேற்ப முன்னால் ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டம் மாறும். பொது வழி, பொதுக் கிணறு குறித்து 1924-ல் வந்த தீர்மானத்தைப் படிக்க வருபவர், அவரை ஒரே மனிதராகக் காண வேண்டும்.

பொருட்சொல்லும் அப்படியே. 1922-ல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்ற சொல்லை ஏற்றது. அதற்கு முந்தைய பக்கங்களில் இன்று நாம் வாயெடுத்துச் சொல்லத் தயங்கும் சொற்கள் இருக்கும். மூலத்தை மாற்றாதீர்கள், ஓர் எழுத்தையும் மறைக்காதீர்கள். தேடுசொல் பட்டியலில் மட்டும் பழைய சொல்லையும் இன்றைய சொல்லையும் ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். இன்றைய சொல்லால் தேடுபவருக்கும் பக்கம் கிடைக்கும், பக்கத்தில் அன்றைய சொல்லும் அப்படியே நிற்கும்.

எழுத்துணர்வு: தமிழ் பக்கங்களில் எங்கே வழுக்கும்

மாகாணக் காலத்தில் பெரும்பாலான பேச்சு ஆங்கிலத்தில். ஆங்கிலம் போதாதவர் தம் மொழியில் பேச 1935 இந்திய அரசுச் சட்டம் இடமளித்தது. ஆகவே ஒரே தொகுதியில் ஆங்கிலம், தமிழ், தெலுங்கு கலந்து வரும் பக்கங்களைத் தனியே குறித்து, பத்திவாரியாக மொழி பிரித்த பிறகே மென்பொருளை ஓட்ட வேண்டும். ஆங்கில மாதிரியில் ஓடிய தமிழ்ப் பத்தி வெறும் குப்பை. அது தேடல் பட்டியலையும் கெடுக்கும்.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முந்தைய அச்சில் னை, லை, ணை, ளை ஆகியவற்றுக்கு முன்னால் தனிக் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலிருந்தே யானைத் துதிக்கை போல் ஒரு சுழி எழும்பும். ணா, றா, னா ஆகியவையும் கால் இல்லாமல் கீழே சுழித்து நிற்கும். இன்றைய எழுத்துருவில் பயின்ற மென்பொருள் அந்தச் சுழியைக் கறை என்று நினைத்துத் தள்ளிவிடலாம். 'சென்னை' அப்போது 'சென்ன' ஆகும், சென்னையைத் தேடுபவருக்குச் சென்னையே கிடைக்காது. பழைய அச்சுப் பக்கம் ஐம்பதை ஆள் வைத்துத் துல்லியமாகத் தட்டச்சிட்டு, அதைக் கொண்டு டெசராக்ட் போன்ற திறந்த மென்பொருளுக்கு மறுபயிற்சி கொடுங்கள். ஒருங்குறியில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான், எனவே தனி எழுத்துரு தேடி அலைய வேண்டியதில்லை. அச்சகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆண்டை வைத்துப் பிரிக்காமல் பக்கத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

துல்லியத்தைக் கணக்கிடத் தொகுதிக்குப் பத்துப் பக்கம் எடுத்து, பிழையான எழுத்துகளை மொத்த எழுத்துகளால் வகுங்கள். 98 விழுக்காடு சரி என்றால் கேட்க நன்றாக இருக்கும். 2,500 எழுத்துள்ள பக்கத்தில் அது 50 பிழை. எல்லாவற்றையும் திருத்த ஆள் இருக்காது. பெயர், தேதி, எண் ஆகிய மூன்றை மட்டும் கையால் திருத்துங்கள். முக்கியமாக மானியக் கோரிக்கை அட்டவணைகள். 1957 ஏப்ரலுக்கு முன் கணக்கெல்லாம் ரூபாய், அணா, பை என்ற சிறு காசு என்று மூன்று பத்தி. பத்திக் கோடு மங்கினால் 12 ரூபாய் 8 அணா 0 பை என்பது 1,280 என்று ஒட்டிக்கொள்ளும். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. அணாப் பத்தியில் 15-க்கு மேல் எந்த எண் வந்தாலும் பிழை என்று ஒரு விதி எழுதி ஓட்டினால் பெரும்பாலானவை சிக்கிவிடும். நிலவரிப் பதில்களில் பசலி ஆண்டு வரும். அதோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1337 என்பது 1927 ஜூலை முதல் 1928 ஜூன் வரை. (1924-25-ல் சபைத் தலைவராயிருந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை நாட்காட்டிக் கணிதத்தில் பேர்பெற்றவர். அவர் வீற்றிருந்த சபையின் தேதிகளை நாம் தப்பாக ஏற்றக் கூடாது.)

ஒரு பொருளின் தடம் அறுபடாமல் இருக்கட்டும்

சட்டமன்றப் பேச்சு தனியாக நிற்பதில்லை. தேவதாசி விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1927 தீர்மானம், அதன்பின் அறநிலையச் சட்டத்தில் 1929-ல் வந்த திருத்தம், கடைசியில் 1947-ன் 31-ஆம் எண் சட்டம். இடையில் தெரிவுக்குழு அறிக்கை, புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியான சட்டமுன்வடிவு, அரசாணை. இவை நான்கு வெவ்வேறு அலமாரிகளில் கிடக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் 'இதற்கு முன்', 'இதற்குப் பின்' என்று இரண்டு கட்டம் வைத்து இணையுங்கள். பேச்சை மட்டும் துண்டாக வெட்டி எடுத்து இணையத்தில் போட்டால், அதற்கு அமைச்சர் சொன்ன பதிலும் டிவிஷன் எனும் வாக்கெடுப்புப் பட்டியலில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் கழன்றுவிடும்.

குறிகளின் பொருளையும் எழுதி வையுங்கள். கேள்விக்கு முன்னால் நட்சத்திரம் என்றால் அவையில் வாய்மொழியாக விடை தர வேண்டியது, துணைக்கேள்வி கேட்கலாம். இல்லாதது எழுத்துவழி விடை. பேச்சின் தொடக்கத்தில் வரும் நட்சத்திரம் வேறு. உறுப்பினர் தம் பேச்சைத் திருத்தினாரா இல்லையா என்பதை அது சொல்கிறது, தொகுதியின் அடிக்குறிப்பில் விளக்கம் இருக்கும். திருத்திய பேச்சும் அவையில் காதால் கேட்ட பேச்சும் ஒன்றல்ல. ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி, ஆகவே தட்டச்சில் அந்தச் சின்னத்தை விட்டுவிடாதீர்கள்.

வெளியிடும் உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி சட்டமன்றத்தின் பொறுப்பில் வெளியான படைப்பு அரசுப் படைப்பு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. 1960-ல் வெளியான தொகுதி 2021 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் உரியது. அந்த 60 ஆண்டு இன்னும் முடியாதவற்றை முழுமையாக வெளியிடச் சட்டமன்றச் செயலகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

அவைக்குறிப்பிலிருந்து நீக்கியதாகத் தொகுதியில் குறித்த இடத்தைப் பழைய செய்தித்தாளிலிருந்து நிரப்பாதீர்கள். நீக்கிய பகுதியை வெளியிடுவது அவை உரிமை மீறல் ஆகலாம் என்பதைச் 'சர்ச்லைட்' நாளிதழ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நீக்கம் நடந்தது என்ற குறிப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும். அச்சாகாத குழுச் சாட்சியம், மனுக்கள் வேறு வகை. அவற்றில் தனிமனிதர் விவரம் இருக்கும், தொகுதிகளோடு சேர்த்துத் திறக்காதீர்கள்.

ஆய்வாளர் முன்னால்

வாசிப்பு அறையில் பென்சில் மட்டும். வெள்ளைக் கையுறை வேண்டாம். விரல்நுனியின் உணர்வு மழுங்கி நொய்ந்த தாள் கிழியும். கழுவி நன்றாக உலர்ந்த கை போதும். மூலத் தொகுதி கேட்பவரிடம் முதலில் படத்தைக் காட்டுங்கள். தையல், தாள், பென்சில் குறிப்பு பார்க்க வேண்டியவருக்கு மட்டும் மூலம்.

இணையத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத முகவரி வேண்டும். மென்பொருளை மாற்றினாலும் அந்த முகவரி உடையக் கூடாது. முனைவர் பட்ட ஆய்வின் அடிக்குறிப்பில் அது ஏறியிருக்கும். எழுத்துணர்வு உரையின் பக்கத்திலேயே மூலப் படம் தெரியட்டும், பிழை கண்டவர் சொல்ல ஒரு பொத்தானும் இருக்கட்டும். மேற்கோள் வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: அவையின் பெயர், தொகுதி எண், கூடிய நாள், பக்கம். நாளை விட்டுவிட்டுத் தொகுதியும் பக்கமும் மட்டும் எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. தொகுதி எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும் இந்த வரிசையில் அது யாரையும் எங்கேயும் கொண்டு சேர்க்காது.

உறுப்பினர், தொகுதி எண், பொருள், நாள், பக்கம் அடங்கிய விரிதாளை சிஎஸ்வி கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ள விடுங்கள். அதோடு, உங்களிடம் இல்லாத இதழ்களின் பட்டியலையும் அதே பக்கத்தில் வெளிப்படையாகப் போடுங்கள். ஏதோ ஓர் ஊரில், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரின் மாடி அறையில், நீங்கள் தேடும் அந்த ஒரு நாளின் இதழ் தைக்கப்படாமல் கிடக்கக் கூடும்.